காலிக் கட்டம் இல்லாத வார்டு

டாக்டர் பெர்லா கும்பானின் கைகள் தாள்களை இரண்டு அடுக்காகப் பிரித்துக்கொண்டிருந்தன. இடப்பக்கம் மாணவர்கள் அவளைப் பற்றி எழுதியவை. வலப்பக்கம் டாக்டர் ராமில் தெகின்யாவைப் பற்றி எழுதியவை. பெயர் போடாமல் எழுதவேண்டும் என்பது விதி. முப்பது வருடமாக மாணவர்களின் கிறுக்கலைப் படித்தே கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்டவளிடம் பெயரை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் குறுக்குக்கோடு போடுகிறவள் ஜோவிலின். மறுபக்கம் பள்ளம் விழும்படி பேனாவை அழுத்துகிறவன் மோலோவிலிருந்து வரும் நெட்டைப் பையன். மோந்து பார்க்காத குறையாக ஒவ்வொன்றையும் பார்த்து, ஆளைக் கண்டுபிடித்து, அடுக்கில் வைத்தாள்.

ராமில் தன் கட்டைத் தானாகவே கொடுத்திருந்தான். "பாருங்க டொக்டோரா, என்னை நல்லாக் கிழிச்சிருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே மேஜைமேல் போட்டுவிட்டுப் போனான். அவன் அதை மறைத்து வைத்திருந்தால் அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

வார்டின் தலைமை நர்ஸ் சலோமே தூபாஸ் சோற்றுப் பாத்திரத்தைச் சூடுபண்ண உள்ளே வந்தாள். பெர்லாவைவிட இரண்டு வயது மூத்தவள். அதனால் டாக்டராக இருந்தும் பெர்லா அவளை 'மனாங்', அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன டொக்டோரா, ஓட்டு எண்றீங்களா?"

"எண்ணல மனாங். படிக்கறேன்."

"ரெண்டு அடுக்கும் ஒரே உசரம்தான் இருக்கு. அப்புறம் ஏன் மூஞ்சி மட்டும் தோத்த கட்சி மாதிரி இருக்கு?"

உயரம் ஒன்றுதான். பன்னிரண்டு மாணவர்கள், ஆளுக்கு ஒரு தாள். பெர்லாவின் பன்னிரண்டிலும் ஏறக்குறைய ஒரே வரி: 'மிக நன்றாகக் கற்பிக்கிறார், நன்றி.' ராமிலின் தாள்கள் இரண்டு பக்கமும் நிரம்பி வழிந்தன. நேரத்துக்கு வருவதில்லை. எழுத்து புரியவில்லை. ஒரு நாள் தனக்குத் தெரியாது என்று சொன்னார், அன்றுதான் அந்த நோய் எனக்கு முதல்முறையாகப் புரிந்தது. எங்களைவிட அதிகம் சாப்பிடுகிறார்.

மணிலாவிலிருந்து வந்த பயிற்சியாளர் அன்று காலை வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். "குறை எழுதின கட்டைத்தான் நான் நம்புவேன். பயம் இல்லாத எடத்துலதான் குறை எழுதுவாங்க." சொன்னபோது அவள் யாரையும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததிலேயே யாரைச் சொல்கிறாள் என்று மற்றப் பதினோரு டாக்டர்களுக்கும் தெரிந்துபோயிற்று.

அந்த ஆண்டு இரண்டு மாணவர்கள் நடுவிலேயே படிப்பை விட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தி போகும்போது டீனுக்கு ஒன்பது பக்கக் கடிதம் எழுதினாள். வார்டில் நிற்கவே கால் நடுங்குகிறது என்று. அதற்குப் பிறகுதான் கல்லூரி, கற்பிக்கிற டாக்டர்களுக்குக் கற்பிக்கக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தது. நான்கு மாதம், எல்லாச் சனிக்கிழமையும். கடைசி வாரம் ஒருவர் வார்டுக்கு இன்னொருவர் போய் உட்கார்ந்து பார்த்து எழுதவேண்டும். வியாழக்கிழமைக் கூட்டத்தில் அதைப் படித்துக் கேட்ட பிறகு பொது மருத்துவப் பிரிவின் வார்டுக் கல்விக்கு ஒரு தலைவரை டீன் அறிவிப்பார்.

அந்தப் பதவி பெர்லாவுக்குத்தான் வரவேண்டும். பதினோரு வருடமாக அந்த நாற்காலி காலி. யார் எந்த வார்டுக்கு, எத்தனை வாரம், யாருக்கு எப்போது தேர்வு என்று அத்தனை அட்டவணையையும் பெயரில்லாமல் போட்டுக்கொடுத்தது அவள்தான். இப்போது பெயர் கொடுக்கும் நேரம் வந்ததும் நேற்று வந்தவன் குறுக்கே நிற்கிறான்.

"ராமில் நல்ல பிள்ளைதான" என்றாள் சலோமே, வாயில் சோற்றோடு.

"அந்த நல்ல பிள்ளையை உருவாக்கினது யாரு?"

"அதுவும் நீங்கதான். யாரு இல்லேன்னா?"

அந்தப் பதிலில் என்ன இருந்தது என்று பெர்லா யோசிக்கவில்லை. தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள்.

பெர்லா பிறந்தது இலோயிலோவுக்குத் தெற்கே கிம்பாலில், கடலோரத்தில். அப்பா மீன் உலர்த்துகிறவர். ஊர்ப் பாதிரியார் பார்த்துக் கொடுத்த உதவியில் படித்து மருத்துவக் கல்லூரிக்கு வந்தாள். ஆடைகளில் கருவாட்டு வாசம் போகவில்லை என்று சக மாணவிகள் சன்னலைத் திறந்துவைப்பார்கள். அவள் மூன்றாம் படுக்கைக்காரரின் ரத்த அழுத்தத் தாளில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்ட நாளில், அப்போதைய பேராசிரியர் அந்தத் தாளை அலுமினிய அட்டையோடு சேர்த்து வார்டின் நீளத்துக்கு வீசினார். அது சறுக்கிக்கொண்டு போய்க் கழிவறை வாசலில் நின்றது. முப்பது பேர் பார்க்க அவள் நடந்துபோய்க் குனிந்து எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் ஒரு கட்டத்தையும் விட்டதில்லை.

கணவன் நோயல் சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன். வருடத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பான். அந்த இரண்டு மாதமும் கரண்டியை இடம் மாற்றி வைத்து அவளுக்கு இடைஞ்சல். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். பெர்லா காலை ஆறேகாலுக்கு வீடு இருக்கும் ஹாரோவில் ஜீப்னி வண்டி ஏறி ஆறே முக்காலுக்கு வார்டில் இருப்பாள். மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று வயிற்றில் கைவைத்துப் பார்ப்பதில் அந்த நகரத்தில் அவளுக்கு மிஞ்சியவர் இல்லை. நோயாளி மூச்சிழுக்கும்போது அவள் விரல் காத்திருக்கும் விதத்தைப் பார்க்க மற்றப் பிரிவு டாக்டர்களும் வருவார்கள்.

அவள் வார்டுக்கு ஒரு சட்டம் உண்டு. நர்சுகள் போதாத மருத்துவமனை என்பதால் நோயாளிகளின் ரத்த அழுத்தம், நாடி, சூடு எல்லாவற்றையும் மணிக்கொரு தரம் எடுத்து எழுதுவது இறுதியாண்டு மாணவர்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஒரு நாள் கூடுதல் பணி. இரண்டு கட்டம் என்றால் இரண்டு நாள். காரணம் கேட்பதில்லை. அவள் வார்டில் பல வருடமாகக் காலிக் கட்டமே இல்லை. மேற்பார்வைக்கு வந்தவர்கள் அந்தத் தாள்களைப் படம் எடுத்துக்கொண்டு போனதுண்டு.

ராமில் மாணவனாக இருந்தபோது முதல் மாதத்தில் மட்டும் பதினான்கு நாள் தண்டனை வாங்கினான். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. நான் திருத்திய பையன் என்று பெர்லா அவனைப் பற்றிப் பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். மேல்படிப்பை மணிலாவில் முடித்துவிட்டுத் திரும்பியவன் பெண்கள் வார்டை எடுத்துக்கொண்டான். பணி நாளில் நூடுல்ஸ் சாப்பிட்டால் வேலையும் அதுபோல நீண்டுகொண்டே போகும் என்று அந்த மருத்துவமனையில் வாயில் வைக்கமாட்டார்கள். அவன் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு லா பாஸ் சந்தைக்குப் போய் பெரிய கிண்ணத்தில் பச்சோய் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத்தான் வார்டுக்கே வருவான். வேலை நீண்டால் என்னோடு சேர்ந்து நீளட்டும் என்பான். மாணவர்கள் அவன் பின்னாலேயே சுற்றினார்கள். பெர்லா மாடிப்படியில் ஏறும்போது பேச்சு நிற்கும். அவன் ஏறும்போது பேச்சு கூடும். அந்த வித்தியாசம் ஒரு நாளைக்கு நான்கு முறை அவள் காதில் விழுந்தது.

பயிற்சியின் இரண்டாவது மாதத்தில் பயிற்சியாளர் ஒரு விளையாட்டு வைத்தாள். டாக்டர்களே மாணவர்களாக நடிக்கவேண்டும். பெர்லாவிடம் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்து, ஒரு கற்பனை நோயாளியின் விவரம் இதில் இருக்கிறது, ஒரு நிமிடம் படியுங்கள் என்றாள். தோல் டாக்டர் வில்லனுவேவா பேராசிரியராக நடித்தான். கால்மேல் கால் போட்டுக்கொண்டு நன்றாகவே நடித்தான்.

"இன்னிக்குக் காலைல பொட்டாசியம் எவ்வளவும்மா?"

சீட்டில் பொட்டாசியம் இல்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"மூணு புள்ளி எட்டு" என்றாள் பெர்லா.

பயிற்சியாளர் கையைத் தூக்கி நிறுத்தினாள். "சீட்டுல பொட்டாசியம் எங்க இருக்கு டொக்டோரா?"

"இல்ல."

"அப்புறம் மூணு புள்ளி எட்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

"சாதாரணமா அவ்வளவுதான் இருக்கும்."

அறை முழுக்கச் சிரிப்பு. வில்லனுவேவா நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். ராமில் மட்டும் சிரிக்கவில்லை. அடக்கிக்கொள்கிறான், வெளியே போய்ச் சிரிப்பான் என்று பெர்லா முடிவுகட்டினாள். அந்த விளையாட்டைச் சிறுபிள்ளைத்தனம் என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

கடைசி வாரம் திங்கட்கிழமை, குலுக்கலில் வந்த ஜோடிப்படி, அவள் ராமிலின் வார்டில் போய் உட்கார்ந்தாள். அவன் அவள் வார்டுக்கு மத்தியான வேளைகளில் வருவான் என்று ஏற்பாடு.

பிளாஸ்டிக் முக்காலியில் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் பார்த்தாள். அவள் வார்டில் இருந்தபோது குனிந்த தலை நிமிராத அந்த நெட்டைப் பையன், ராமிலோடு வாதம் பண்ணிக்கொண்டிருந்தான். கையை வேறு ஆட்டினான்.

"இல்ல டாக்டர், அது இருதயம் இல்ல. தைராய்டா இருந்தா?"

"எதை வச்சு சொல்றே டோட்டோ?" பையன்களை டோட்டோ என்றும் பெண்பிள்ளைகளை இண்டாய் என்றும் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம்.

"சரியாத் தெரியல. ஆனா அம்மா கை நடுங்குது, வேர்க்குது."

"எனக்கும் உறுதியாத் தெரியல. மத்தியானத்துக்குள்ள ரெண்டு பேரும் படிச்சுட்டு வருவோம். தோத்தவன் பச்சோய் வாங்கணும்."

நோயாளி அம்மாள் படுக்கையிலிருந்து, "ஜெயிக்கறது யாரா இருந்தாலும் எனக்கு ஒரு கிண்ணம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பெர்லாவுக்கு வாயில் புளித்தது. அந்தப் பையனுக்கு நான்கு வாரம் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். கை நடுக்கத்தையும் வியர்வையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது அவள். அறுவடை இவன் வீட்டில் நடக்கிறது.

அப்புறம்தான் அவள் தாள்களைப் பார்த்தாள். முதல் படுக்கையில் ஒரு காலிக் கட்டம். மூன்றாம் படுக்கையில் இரண்டு. பக்கத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு: 'எடுக்கவில்லை. ஒன்பதாம் படுக்கைக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தேன்.' ஏழாம் படுக்கையில் இன்னும் மோசம்: 'எடுக்கவில்லை. தூங்கிவிட்டேன்.' கீழே கையெழுத்து வேறு, கூச்சமில்லாமல்.

புதன்கிழமைக்குள், மூன்று நாளில் பதினேழு காலிக் கட்டங்கள். பெர்லாவுக்கு உடம்பு லேசாயிற்று. பல வாரமாக இல்லாத பசி வந்தது. எல்லாத் தாள்களையும் நகல் எடுத்தாள். நகல் இயந்திரம் ஒவ்வொன்றாகத் துப்பத் துப்ப, வியாழக்கிழமைக் கூட்டத்தில் டீன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவள் கண்ணில் ஓடியது. ஒரு பக்கம் இவை. இன்னொரு பக்கம் அவள் வார்டின் தாள்கள், ஒரு ஓட்டை இல்லாமல். ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை.

புதன்கிழமை பிற்பகல் மூன்றேகாலுக்குத் தன் வார்டுத் தாள்களை எடுக்க வந்தாள். பதினோராம் படுக்கைத் தாள்தான் மிக அழகாக இருந்தது. காலை ஆறு முதல் மணிக்கொரு எண், ஒரே சீராக: நூற்றிருபதுக்கு எண்பது, நூற்றுப்பத்துக்கு எழுபது, நூற்றிருபதுக்கு எண்பது. அதை உருவும்போது படுக்கை காலியாக இருந்ததைக் கவனித்தாள். அதே நேரம் லிஃப்ட் கதவு திறந்து, சக்கர நாற்காலியில் கிழவர் ஃபெர்மினைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி வந்தாள். சிறுநீரகம் கெட்டுப்போனவர்.

"எங்க போயிருந்தீங்க நானாய்?" அந்த வயதுப் பெண்களை அம்மா என்று கூப்பிடுவதுதான் வழக்கம்.

"டயாலிசிசுக்குத்தான் டொக்டோரா. அடுத்த கட்டடம். காலைல ஒம்பதரைக்குப் போனோம், இப்பதான் விட்டாங்க. மனுஷன் ஒரு வாய் சாப்பிடல. ஏதோ மாதிரி இருக்குங்கறார்."

பெர்லா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பத்து மணி: நூற்றிருபதுக்கு எண்பது. பதினொன்று. பன்னிரண்டு. ஒன்று. இரண்டு. மூன்று. எல்லாம் எழுதியிருந்தது. நான்கு மணிக் கட்டத்தில் நூற்றுப்பத்துக்கு எழுபது. சுவரில் கடிகாரம் மூன்று இருபது காட்டியது.

கிழவரைப் படுக்கையில் சாய்த்து வலக்கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி அவளே எடுத்தாள். எண்பத்துநாலுக்கு ஐம்பது. கூப்பிடத் தேவையில்லாமல் சலோமே வந்து நின்றாள். கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினார்கள். சொட்டு மருந்துக் குழாயில் உப்புத் தண்ணீர் கொஞ்சமாக விட்டார்கள். கால்மணி நேரத்தில் தொண்ணூற்றெட்டு. அரை மணியில் நூற்று நான்கு. கிழவர் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார். அவர் மனைவி அவரைத் திட்ட ஆரம்பித்தாள். அப்போதுதான் பெர்லா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தாளில் ஏழு வருகிற இடமெல்லாம் நடுவில் குறுக்குக்கோடு இருந்தது.

"ஜோவிலின்."

ஜோவிலின் பாராஸ் வந்து நின்றாள். முகம் மாவு பூசியதுபோல் இருந்தது.

"நாலு மணிக்கு இவருக்குப் பிரஷர் எவ்வளவு இண்டாய்?"

"நூத்திப் பத்துக்கு எழுபது, மேடம்."

"இப்ப மணி என்ன?"

பெண் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். சலோமேதான் அவளைப் பதினாறாம் படுக்கைக்கு அனுப்பிவிட்டு, கட்டிலின் ஓரத்தில் சாய்ந்து நின்றாள்.

"அவ மட்டும் இல்ல டொக்டோரா. எல்லாரும்தான். இருபத்தினாலு படுக்கை, ஒரு வேளைக்கு ரெண்டு பிள்ளைங்க. மணிக்கொரு தரம் எப்படி எடுப்பாங்க? காலியா விட்டா ஒரு நாள் போகும். நம்பர் போட்டா ஒண்ணும் போகாது."

"எத்தனை நாளா?"

"சட்டம் போட்ட நாள்லேர்ந்து."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நெலம மோசமா இருக்கறவங்களுக்கு நானும் மத்த நர்சுங்களும் பின்னாடியே போய் எடுத்துடுவோம். இன்னிக்கு ஒருத்தி வரல, அதான் இவர் விட்டுப்போச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல மனாங்?"

"சொன்னேன். ஆறு வருஷத்துக்கு முந்தி. பிள்ளைங்களைக் கெடுக்காதீங்கன்னு சொன்னீங்க. அப்புறம் நீங்க கேக்கல, நான் சொல்லல."

பெர்லா வார்டின் மற்ற இருபத்துமூன்று தாள்களையும் எடுத்து மேஜையில் பரப்பினாள். இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரே மை, ஒரே மூச்சில் இறங்கிய எண்கள். மனித உடம்பு எங்கேயும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது என்று முப்பது வருடம் படித்தவளுக்குத் தெரியவேண்டும். அவள் வாயிலிருந்து வந்த மூன்று புள்ளி எட்டும் இதே குடும்பம்தான்.

அதற்கு அடுத்து வந்த நினைப்புதான் அவளை உட்காரவிடாமல் செய்தது. பதினான்கு நாள் தண்டனை வாங்கிய பிறகு ஒரு கட்டத்தையும் காலியாக விடாத ராமில். அவன் திருந்தவில்லை. கற்றுக்கொண்டான். அவனுக்கு இது அன்றிலிருந்தே தெரியும். இந்த மூன்று மத்தியானமும் அவன் இங்கே உட்கார்ந்து, இதே தாள்களைப் பார்த்து, தன் படிவத்தில் எழுதிக்கொண்டிருக்கிறான். நாளைக்குப் படிப்பான்.

அன்று வீட்டில் சோறு வடிக்க மறந்து, தண்ணீரோடு இறக்கினாள்.

கூட்டம் டீன் அறையில் நடந்தது. டீன், பயிற்சியாளர், பன்னிரண்டு டாக்டர்கள். நடுவில் ஒரு தட்டு நிறைய பிஸ்கோச்சோ ரொட்டி. பெர்லாவின் பையில் இரண்டு கட்டுகள் இருந்தன. பதினேழு காலிக் கட்டத்தின் நகல்கள் ஒன்று. பதினோராம் படுக்கைத் தாள் இன்னொன்று. இரண்டாவதை ஏன் எடுத்துவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் சொன்னால் மறுக்கவா, ஒத்துக்கொள்ளவா என்று ஜீப்னியில் தீர்மானிக்க முடியாமல் இரண்டுக்கும் ஆகும் என்று போட்டுக்கொண்டாள்.

ராமிலை முதலில் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று படித்தான். டாக்டர் கும்பான் நோயாளியைத் தொடும் விதத்தைப் படம் எடுத்து வைக்கவேண்டும். மாணவர்களின் கையைப் பிடித்து வயிற்றில் வைத்து, நீயே கண்டுபிடிக்கும்வரை விடமாட்டேன் என்று நிற்கிறார். எனக்கு மண்ணீரல் பார்க்கத் தெரியும் என்றால் அது அவர் கையால்.

"சரி பண்ணவேண்டியது ஏதாவது?" என்றாள் பயிற்சியாளர்.

ராமில் பெர்லாவை ஒரு நொடி பார்த்தான். "எனக்கு ஒண்ணும் படல."

அவள் பயந்தது நடக்கவில்லை. ஆனால் நடந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. மாணவர்களை எடுத்துக்கொண்டான், சிரிப்பை எடுத்துக்கொண்டான், இப்போது பெரிய மனதையும் அவனே எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவள் அமைதியாக இருந்தால் பதவி கிடைக்கலாம். கிடைத்தால் அது இவன் வாயை மூடிக்கொண்டு கொடுத்த பதவி. பணி ஓய்வு வரை மாடிப்படியில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

பெர்லா எழுந்தாள். பதினேழு நகல்களையும் மேஜையில் வைத்தாள்.

"இவன் வார்டுல மூணு நாள்ல பதினேழு கட்டம் காலி. ஒருத்தி தூங்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கா."

டீன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவள் நினைத்திருந்த மாதிரியேதான் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"ராமில்" என்றாள் பெர்லா. "என் வார்டுல படிச்சப்ப எத்தனை கட்டத்துல பொய் நம்பர் போட்டே?"

அறையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த வில்லனுவேவா நிறுத்தினான்.

"எதுக்கு டொக்டோரா இப்ப அதெல்லாம்?"

"எத்தனை?"

"எண்ணல." பிறகு மெதுவாக, "முதல் மாசத்துக்கு அப்புறம் பாதிக்கு மேல இருக்கும்" என்றான்.

"இந்த வாரம் என் தாளைப் பாத்தே. உனக்குத் தெரிஞ்சுது. ஏன் எழுதல?"

"நீங்க என் டீச்சர்."

"அதுக்குத்தான் உன்னை அங்க உக்கார வச்சாங்களா?"

பதினோராம் படுக்கைத் தாளை எடுத்து நகல்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். நேற்று இதை எடுத்தபோது மணி மூன்று இருபது, நான்கு மணிக் கட்டத்தைப் பாருங்கள் என்றாள். ஆள் கட்டிலில் இல்லாத ஏறக்குறைய ஆறு மணி நேரத்தைப் பாருங்கள் என்றாள். அவருக்கு உண்மையில் என்ன இருந்தது என்பதையும் சொன்னாள். என் வார்டில் காலிக் கட்டம் இல்லை, இருபத்துநாலு தாளும் இப்படித்தான் என்று முடித்து உட்கார்ந்தாள்.

பயிற்சியாளர் நெஞ்சில் கைவைத்து, "இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்" என்று ஆரம்பித்தாள்.

"தைரியமெல்லாம் இல்ல" என்றாள் பெர்லா. "இவன் தயவுல தப்பிக்க எனக்கு இஷ்டமில்ல. அவ்வளவுதான்."

டீன் வெகுநேரம் இரண்டு கட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு ராமில் தெகின்யாவைத் தலைவராக அறிவித்தார். தாள் விஷயத்தில் பெர்லா என்ன செய்யப்போகிறாள் என்று அடுத்த வாரம் எழுதித் தரவேண்டும் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். உண்மையைச் சொன்னதற்காகப் பதவி திரும்பி அவளிடமே வரும் என்ற நப்பாசை உள்ளுக்குள் ஓர் ஓரத்தில் இருந்திருக்கிறது என்பது, அது இல்லாமல் போனபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. ராமில் பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அட்டவணையெல்லாம் நீல அலமாரியில இருக்கு. சாவியை நாளைக்குத் தரேன்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். நடைக்கூடத்தில் அவனைச் சுற்றி மாணவர்கள் கத்தும் சத்தம் லிஃப்ட் கதவு மூடும்வரை கேட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாணவர்கள் வார்டில் வரிசையாக நின்றார்கள். ஆறு பேர். செய்தி எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பெர்லா இருபத்துநாலு தாள்களையும் மேஜையில் அடுக்கியிருந்தாள்.

"இதுல எடுக்காம எழுதினது எது எதுன்னு ஆளுக்கு ஆள் சொல்லுங்க. கூடுதல் பணி கிடையாது. அந்தச் சட்டம் இன்னிக்கோட போச்சு."

ஒருவன் இன்னொருவனின் காலணியைப் பார்த்தான். அவள் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. ஏன் நம்பவேண்டும் என்று அவளுக்கும் தோன்றியது. இரண்டு நிமிடம் காத்தாள். பிறகு சலோமேயின் சிவப்புப் பேனாவை எடுத்து, முந்தின நாட்களின் எண்கள் எல்லாவற்றின் குறுக்கேயும் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டின் அடியிலும் 'நம்பத்தக்கதல்ல' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். இருபத்துநாலு கோடு, இருபத்துநாலு கையெழுத்து. அது முடியும்வரை அவர்கள் நின்றே பார்த்தார்கள்.

"மூணு பட்டைதான் வேலை செய்யுது. ரெண்டு ரெண்டு பேராப் போங்க. முதல் படுக்கைலேர்ந்து எடுங்க. எடுக்க முடியலேன்னா கட்டத்தை அப்படியே விட்டுட்டு, ஏன்னு பக்கத்துல எழுதுங்க. நான் பின்னாலயே வருவேன்."

மணிக்கொரு தரம் தேவைப்படுகிற நோயாளிகள் ஒன்பது பேர்தான், மற்றவர்களுக்கு நான்கு மணிக்கொரு தரம் போதும் என்று சலோமேயோடு உட்கார்ந்து பிரித்தாள். அது கால்மணி நேர வேலை. அதை அவர்கள் ஆறு வருடத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம். சலோமே அதைச் சொல்லவில்லை. தன் பேனாவைப் பெர்லாவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள்.

பத்தாம் படுக்கை முடிந்தபோது மணி எட்டரை. ஜோவிலின் பதினோராம் படுக்கைக்கு முன்னால் நின்று, "மேடம், முந்தாநாள் எட்டாம் படுக்கைக்கும் நான்தான் எடுக்காம எழுதினேன்" என்றாள். மற்ற ஐந்து பேரும் அவளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். "சரி. இவருக்கு எடு" என்றாள் பெர்லா. அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை.

பதின்மூன்றாம் படுக்கை முடிகிற நேரத்தில் அலமாரிச் சாவிக்காக ராமில் வந்தான். வாசலில் தயங்கினான். அவனைக் கண்டதும் பிள்ளைகள் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பெர்லா பார்த்தாள். வழக்கமான எரிச்சல்.

"சும்மா நிக்காதே டோட்டோ. பதினாலாம் படுக்கை பாக்கி. போய் எடு."

அவன் பட்டையை எடுத்துக்கொண்டு போனான். குனிந்து, நிதானமாக எடுத்து, தாளில் நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

அவன் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை பெர்லா காத்திருந்தாள். பிறகு பதினாலாம் படுக்கைக்குப் போய், அதே கையில் பட்டையைச் சுற்றி மறுபடியும் எடுத்தாள். நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூறு. அவன் சரியாகத்தான் எடுத்திருந்தான். தாளை மாட்டிவிட்டுப் பதினைந்தாம் படுக்கைக்குப் போனாள்.